வாளியை உதைப்பேன் என்றவள்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. அங்கே நீராவி இஸ்திரி இயந்திரத்தில் நின்றவளை எல்லோரும் நீராவி என்றே கூப்பிட்டார்கள். அவள் பேசியது போர்ச்சுகீசியம். நம் மொழியில் அவளுக்குத் தெரிந்தவை 'சரி', 'இல்லை', 'சூடு' என்ற மூன்று சொற்கள்தான். ஐந்து வாரமாக அவளுக்கு இரட்டை ஷிப்ட். ஒரு மதியம் மேற்பார்வையாளர் இன்னொரு வண்டி விரிப்பைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது அவள் நிமிர்ந்து ஏதோ சொன்னாள். 'ஷுட்டார் ஊ பால்ஜி' என்று அது முடிந்தது.

மேற்பார்வையாளர் கைப்பேசியை நீட்டி, திரும்பச் சொல்லும்படி சைகை காட்டினார். கைப்பேசி அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியது. 'கிக் த பக்கெட்' செய்துவிடுவாளாம். வாளியை உதைப்பது என்றால் ஆங்கிலத்தில் செத்துப்போவது என்று அவருக்குத் தெரியும். பயந்துபோய், சாகப்போவதாகச் சொல்கிறாள் என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தார்.

மேலாளர் பயப்படவில்லை. இரட்டை ஷிப்ட் ஏன் என்று ஏற்கெனவே இரண்டு முறை அவரிடம் போய்ச் சைகையில் கேட்டு நின்றவள் அவள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. 'மனநிலை சரியில்லை' என்று காரணம் எழுதி, மறுநாள் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். துறைமுக அலுவலகத்தில் பதினோரு வருடம் சரக்குக் கடிதங்கள் எழுதி அந்த மொழியைக் கற்றுக்கொண்ட ஒருத்தி, ஆலைக்கு அவ்வப்போது மொழிபெயர்த்துக் கொடுத்துவந்தாள். அவள் மேற்பார்வையாளரின் சொந்த அக்கா. மேலாளர் தைரியமாக அவளையே வரவழைத்தார்.

விசாரணை அறைக்கு வெளியே தம்பி அவளை ஓரமாக அழைத்துப்போனான்.

"அக்கா, ரெண்டே ரெண்டு வார்த்தை. உதைக்கிறது, வாளி. சொன்னாளான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துடு."

"அதுக்கு அர்த்தம் வேறடா."

"நான் எழுதிக் கொடுத்துட்டேனே. தப்புன்னு ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லு. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

"உனக்கென்ன, பேசிட்டுக் கிளம்பிடுவ. நான் தினமும் அந்த ஆள் மூஞ்சியில முழிக்கணும்."

"அவளும்தான் முழிக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

போனதும் முதல் வேலையாக, "மேற்பார்வையாளர் என் தம்பி. பின்னாடி யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம், நானே சொல்லிடறேன்" என்றாள். அதையே நீராவிக்கும் அவள் மொழியில் சொன்னாள். நீராவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

மேலாளர் ஆரம்பித்தார். "விளக்கவுரை எல்லாம் வேண்டாம்மா. சொல்லுக்குச் சொல் போதும். உதைப்பேன்னு சொன்னாளா? வாளின்னு சொன்னாளா?"

அக்கா நீராவியிடம் கேட்டுக்கொண்டு, "சொன்னா" என்றாள்.

"அவ்வளவுதான். நீங்க உக்காரலாம்."

அவள் உட்காரவில்லை. "பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்டையைப் போட்டுட்டார்னு சொன்னா, எங்க போட்டார்னு தேடிக்கிட்டுப் போவீங்களா சார்?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க."

"இங்கிலீஷ்ல வாளியை உதைச்சா சாவு. இவ மொழியில சாவுக்கும் வாளிக்கும் சம்பந்தமே இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, எல்லாத்தையும் தலைமுழுகிட்டுப் போறேன்னு சொல்றோமே, அது மாதிரி. அலுத்துப்போனவங்க பேச்சு."

மேலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அப்படி வாங்க. வேலையை விட்டுட்டுப் போறேன்னு அவளே சொல்லியிருக்கா. அப்ப இது ராஜினாமா."

சரியான அர்த்தத்தைச் சொல்லப் போய், அதையே கயிறாகத் திரித்து எடுத்துக் கொடுத்தாயிற்று. ஆனாலும் அக்கா ஒரு சொல்லைக்கூட மழுப்பாமல் அதை நீராவிக்குச் சொன்னாள்.

நீராவி எழுந்தாள். மேலாளரைப் பார்த்தபடி அவள் பேசப் பேச, அக்காவும் அதே வேகத்தில், அவள் இடத்தில் நின்று, 'நான்' என்றே மொழிபெயர்த்தாள்.

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆனா உதைக்கல. அன்னைக்கு வண்டியில இருநூத்திப் பத்து விரிப்பு. கடைசி விரிப்பை மடிச்சு வச்சுட்டுத்தான் போனேன். செத்துப்போறதா இருந்தா 'பத்தேர் அஸ் பொட்டஸ்'னு சொல்லியிருப்பேன். எங்க மொழியில சாகறவங்க பூட்ஸைத் தட்டுவாங்க, வாளியை இல்ல. நான் சாகவும் இல்ல, ஓடவும் இல்ல. நாளைக்கே வரேன். ஒரு ஷிப்டுக்கு."

அதிகாரி மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அந்த வண்டி முடிஞ்சுதா?"

தம்பி மேலாளரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிஞ்சுது மேடம்" என்றான். "எண்ணி வாங்கினது நான்தான். அஞ்சு வாரமா அவளுக்கு ரெட்டை ஷிப்ட் போட்டதும் நான்தான். போடச் சொன்னது சார்."

மேலாளர் தாள்களை அடுக்கினார். மொழிபெயர்ப்பாளரிடம் தணிந்த குரலில், "இனிமே உங்களுக்கு இங்க வேலை இருக்காதும்மா" என்றார்.

அவள் குரலைத் தணிக்கவில்லை. "இதையும் அவளுக்கு மொழிபெயர்க்கணுமா சார்? இந்த அறையில சொன்னதெல்லாம் பதிவாகணுமே."

"பதிவாயிடுச்சு" என்றார் அதிகாரி.

ஒன்பதாவது நாள் நீராவி இயந்திரத்துக்குத் திரும்பினாள். ஒரே ஷிப்ட். மனநிலை பற்றிய வரியை அவள் கண்ணெதிரே கோப்பிலிருந்து அடிக்க வைத்தார் அதிகாரி. அந்த ஆலை மொழிபெயர்ப்பாளரை அதன்பின் கூப்பிடவே இல்லை. தம்பியை லாரிகள் நிற்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா போன் செய்தால் அவன் மனைவிதான் எடுப்பாள். "குளிக்கிறாரு அண்ணி" என்பாள். ஒரு மாதம் அவன் குளித்துக்கொண்டே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து நின்றான். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"சாரை மாட்டிவிட்டது நானு. நீ என்னவோ பெரிய மனுஷி மாதிரி ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்ன" என்றான்.

"நான் உன்னைப் பாத்திருந்தா, நான் சொல்லிக் கொடுத்துச் சொன்னேன்னு ஆயிருக்கும்டா."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு, கொட்டகையில் நிழல் இல்லை, நாளைக்கு மேலாளரிடம் போய்க் கேட்கப் போகிறேன் என்றான்.