கப்பலில் வந்த குரல்

புது மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை விமானத்தில் வந்து இறங்கினாள். அவளுடைய குரல் கப்பலில் வந்தது, கைக்குக் கிடைக்கப் பதினோரு வாரம் ஆயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லாரும் அக்கறையாகத்தான் இருந்தார்கள். விமானத்து ஏசியில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லப்போக, பெண்ணின் அம்மா முந்தின நாளே மகளுடைய குரலை எடுத்து, பஞ்சு சுற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, "எறங்கினதும் மொத வேலையா எடுத்துப் போட்டுக்கோ" என்று பெட்டியின் அடியில் வைத்தார். மறுநாள் எடை போட்டபோது மூன்று கிலோ கூடுதல். மாமியாருக்குத் தெரிந்த ஒருவரின் மகன் அதே நாட்டில் இருந்தான், அவனுக்குக் கொடுத்தனுப்பிய பார்சல் மட்டும் மூன்றரைக் கிலோ. அதில் கை வைத்தால் மரியாதையாக இருக்காது. எனவே மாமியார் பெட்டியைக் கிளறி, "பாத்திரம்தானே, இது பின்னால கப்பல்ல வரட்டும்" என்று மற்ற பாத்திரங்களோடு டப்பாவையும் எடுத்து, போர்வைகளோடு போகவிருந்த அட்டைப்பெட்டியில் திணித்தார். மருமகள் தடுத்திருப்பாள், தடுப்பதற்கு வேண்டியது டப்பாவுக்குள் இருந்தது. கையைக் காலை ஆட்டிப் பார்த்தாள். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த மகன் தன் பார்சலை வாங்க இன்றுவரை வரவில்லை.

கணவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தான். அங்கே அவன் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் காபி குடிக்கும் ஞாபகம் வரும். ஏழு வருடம் இப்படிப் போனதில், சொல்லாமல் விட்டதெல்லாம் வயிறு முட்ட அவனுக்குள் கிடந்தது. இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரே ஜன்னல், சோபாவில் ஒரு மனைவி. மாலை ஆறு மணிக்கு வேலை விட்டு வந்ததும் அவன் பேச ஆரம்பித்தான். திரைச்சீலையை ஏன் பழுப்பு நிறத்தில் வாங்கினான், மேலாளர் ஏன் ஒரு முட்டாள், வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான்கு நாள் பேசினான். ஐந்தாம் நாள்தான் எதிர்த்தரப்பிலிருந்து ஒன்றும் வரவில்லை என்பதைக் கவனித்தான். அவள் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவன் ஊருக்குப் போன் போட்டான். "எங்க போயிடப்போகுது, வரும்டா. அதுவரைக்கும் வீடு அமைதியா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அம்மா. பெண் அமைந்தால் இப்படி அமைய வேண்டும் என்று இரண்டு பக்கத்து உறவினர்களும் பேசிக்கொண்டார்கள். வேண்டியதையெல்லாம் எழுதிக் காட்டலாமே என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது. அவள் எழுதினாள், அவன் முதல் வரியைப் படித்துவிட்டு மீதியைத் தானே பேசி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு நடக்கும். அவள் திரையில் முகத்தைக் காட்ட, அவளுக்கான பதிலை அவன் சொல்வான். "நல்லா இருக்காளாம்மா." "இந்தக் குளிர் அவளுக்குப் பிடிச்சிருக்காம்." அவள் பிசியோதெரபி படித்து மூன்று வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். அந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய, மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து ஒரு நேர்முகத் தேர்வில் வாயால் பதில் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறைதான் தேர்வு. அவளுடைய முறை பன்னிரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை. ஆறாம் வாரத்து ஞாயிறன்று மாமியார் திரையில் நெருங்கி வந்து, "வேலை வேலைன்னு அலையப்போறாளா?" என்று கேட்டார். "அதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு வேணாம்னு அவளே சொல்லிட்டாம்மா" என்றான் கணவன். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆமோதிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

எட்டாம் வாரம் துறைமுகக் கிடங்கிலிருந்து ஒரு அட்டை வந்தது. பெட்டி வந்துவிட்டது, முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால் அழித்துவிடுவோம் என்று அதில் அச்சடித்திருந்தது. அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, செருப்பு அலமாரியில் பழைய ஷூவுக்குள் சொருகினான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஆள் அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டிருக்கிறாள், அந்தச் சந்தோஷம் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே என்று நினைத்தான். அந்த ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. தேர்வுக்குப் போட்டுக்கொள்ள நல்ல ஷூ ஏதாவது இருக்கிறதா என்று ஒரு திங்கட்கிழமை அவள் அலமாரியைக் குடைந்தாள். அன்று மாலை அவனுடைய தட்டில் சாப்பாட்டுக்குப் பதில் அந்த அட்டை இருந்தது. பெட்டி அவன் பெயரில் வந்திருந்ததால் அவன் போகாமல் நடக்காது. "நாளைக்கே லீவு போடறேன்" என்றான். வேறு எதுவும் பேசாமல் அவன் படுக்கப் போன முதல் நாள் அதுதான்.

கிடங்குக் காவலர் அறுபது வயது மதிக்கத்தக்கவர், அந்த நாட்டுக்காரர், தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே ஒரு மாதத்துக்கு முன்புவரை அவருக்குத் தெரியாது. மறுநாள் இருவரும் போய் நின்றதும் அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார், பிறகு கணவனை ஏற இறங்கப் பார்த்தார், உள்ளே திரும்பி வேலையாட்களைக் கூப்பிட்டார். எட்டுப் பேர் மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்க்க வந்து நின்றார்கள். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்குப் பேசத் தொடங்குகிறது என்றும், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றும், பக்கத்தில் இருந்த டயர்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று என்றும் காவலர் விளக்கினார். புகார் சொல்கிற தொனி இல்லை, தகவல் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வந்ததால் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதாம். அதை அவர் கணவனின் முகத்துக்கு நேராக, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் காட்டினார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

கணவன் கையெழுத்துப் போட்டான். அவள் அங்கேயே பெட்டியைப் பிரித்து, டப்பாவின் கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்துவிட்டு, குரலை மாத்திரை போடுகிற மாதிரி அண்ணாந்து விழுங்கினாள். பிறகு காவலருக்கு அந்த நாட்டு மொழியிலேயே நன்றி சொன்னாள். ஒரு மாதம் கிடங்கில் கிடந்ததில் குரல் மொழியைச் சுத்தமாகக் கற்றிருந்தது. கூடவே மூட்டை தூக்குகிறவர்களின் வசவுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமைத் தேர்வில் தவறி வெளியே வந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டு அவளைத் தேர்ச்சி பெறச் செய்தார்கள்.

வீட்டில்தான் விஷயம் வேறு மாதிரி இருந்தது. மற்றவர்களிடம் அவள் அன்றன்றைக்கு உள்ளதைப் பேசினாள். கணவனிடம் மட்டும் குரல் வரிசைப்படிதான் வரும், அதை மாற்ற அவளாலும் முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு அவன் முதல் நாள் சொன்னதற்கான பதில் வந்தது. "பழுப்பு எனக்குப் பிடிக்காது." மறுநாள் மேலாளரைப் பற்றி அவளுடைய கருத்து. "அவர் சொன்னதுல ஒண்ணும் தப்பில்லையே." நாளுக்கு ஒரு நாள் கணக்கில் பதில்கள் வந்துகொண்டிருந்தன. அவன் அலுவலகக் காலண்டரில் அட்டை ஒளித்த நாளைத் தேடி, அதற்குரிய பதில் எந்தத் தேதியில் வரும் என்று குறித்துவைத்துக்கொண்டு நடுங்கினான். அதற்கு முன்னால் வரும் நாட்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

எனவே ஆறாம் வாரத்து ஞாயிறுக்கான பதில் வந்த மாலை, அவன் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு உங்கள விட்டுட்டுப் போயிடறதுன்னு முடிவு பண்ணேன்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பாஸ்போர்ட் எங்க வெச்சிருக்கீங்கன்னு எழுதிக் குடுத்தேன். நீங்க கடைச் சீட்டுன்னு நெனச்சு, படிக்காம பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போய் வெங்காயம் வாங்கிட்டு வந்தீங்க."

நகவெட்டியைக் கையில் வைத்தபடியே அவன் எழுந்து போய், குளிர்கோட்டின் பாக்கெட்டுகளைத் துழாவினான். நான்காக மடித்த தாள் இருந்தது. மொத்தமே ஒரு வரி. அதை நின்றபடியே முழுதாகப் படித்தான். படித்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு அலுவலகப் பையின் உள்ளறையிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அவள் அதை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு வந்த பதில் குளியலறையில் ஒழுகும் குழாயைப் பற்றியது, அவன் உட்கார்ந்து கேட்டான். இப்போது அவள் ஒரு மருத்துவமனையில் முழங்கால்களைச் சரிசெய்கிறாள். கணவனுக்கு மட்டும் பதில் இன்னும் பதினோரு வாரம் பின்தங்கித்தான் வருகிறது, அவனும் அதற்குப் பழகிவிட்டான். பாஸ்போர்ட் அதே மேஜைமேல் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதைத் தூக்கி, கீழே தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது அவன் வேலை.