மோட்டார் இல்லாத லிஃப்ட்

லியோன் நகரத்துக்கு வெளியே, லெ பெப்லியே குடியிருப்பின் சி கட்டடத்து லிஃப்ட் 1989 ஜூன் மாதத்தில், ஐந்து வருடத்துக்குப் பிறகு ஓட ஆரம்பித்தது. அதன் மோட்டாரை மூன்று வருடம் முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ‘இரண்டு நாளில் சரிசெய்யப்படும்’ என்று அலுவலகம் ஒட்டிய காகிதம் மட்டும் மஞ்சளாகி, கதவில் அப்படியே இருந்தது.

அதற்குள் பதின்மூன்று மாடிக்காரர்களும் படியேறப் பழகியிருந்தார்கள். ரவை மூட்டை, தொட்டில், சோபா எல்லாம் தோளில்தான் போயின. ஒரு கல்யாணப்பெண் எட்டாவது மாடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கிப்போய்த்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பழகாதவர் ஒருவர்தான். உச்சி மாடி அர்ஸ்கி, அல்ஜீரியாவின் கபிலிய மலையிலிருந்து வந்து இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்தியவர். முட்டி தேய்ந்துவிட்டது, அதனால் வேலையை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நான்கு வருடமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மகன் லூனெஸ், ஐந்தாம் மாடி டெம்பா, இரண்டாம் மாடி ஃபிலோமினா மூவரும் ஒரு ராப் குழு வைத்திருந்தார்கள். குழுவின் பெயர் ‘பதின்மூன்றாம் மாடி’. டெம்பாவின் குடும்பம் மாலி நாட்டுக்காரர்கள். அவன் வாயாலேயே டிரம்ஸ் அடிப்பான். ஃபிலோமினாவின் வீட்டார் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள்; அவள் வாய்க்கு யாரும் பதில் சொன்னதில்லை. தரைத்தளத்தில் செத்துக் கிடந்த லிஃப்டுக்குள்தான் ஒத்திகை, ஏனென்றால் அந்தத் தகரச் சுவரில் குரல் நன்றாகக் கேட்டது. கோடை இசை விழாவில் கார் நிறுத்துமிடத்து மேடையில் அவர்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. பாரிஸிலிருந்து வானொலிக்காரர்கள் வருவதாகவும் பேச்சு. லூனெஸுக்கு வானொலியைவிட அப்பா வரவேண்டும் என்பதுதான் ஆசை. அதை அவரிடமே கேட்டான்.

“லிஃப்ட் ஓடட்டும், அன்னைக்கு வந்து கேக்கறேன்,” என்றார் அர்ஸ்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் ஒத்திகையில், தன் அம்மா விடியுமுன் பதினோரு அலுவலகம் கூட்டுகிறாள் என்று ஃபிலோமினா ஒரு வரி சொன்னாள். லிஃப்ட் ஒரு மாடி ஏறியது. அடுத்து லூனெஸ், கேசட்டில் கேட்ட அமெரிக்கர்களைப் போலத் தன் தங்கச் சங்கிலியையும் சிவப்புக் காரையும் பாடினான். லிஃப்ட் தொப்பென்று கீழே வந்தது. மூன்று தடவை இப்படி ஆனது.

“டேய், உன் சிவப்புக் காரைக் கொஞ்சம் ஓரமா நிறுத்து. நாங்க மேல போகணும்,” என்றான் டெம்பா.

மூன்று நாளில் விவரம் பிடிபட்டது. தாளத்தோடு சொன்ன உண்மைக்கு லிஃப்ட் ஏறும், இறங்கும்; பொய்க்கு விழும், உயரத்திலிருந்து விழுந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு முறை சொன்னது மறுமுறை செல்லாது.

விழா நாள் மதியம் மூவரும் லிஃப்டிலேயே பதின்மூன்று மாடி ஏறி அர்ஸ்கி வீட்டு வாசலில் அதை நிறுத்தினார்கள். அர்ஸ்கி முட்டியைத் தடவினார். மனைவி தஸாதித் அவர் கோட்டைக் கொண்டுவந்து தோளில் போட்டாள். “சொன்னது நீங்கதானே. கெளம்புங்க.”

ஏறும்போதே கையிலிருந்த உண்மைகளில் பாதி தீர்ந்திருந்தது. மீதியை வைத்துக்கொண்டு நான்காம் மாடி வரை வந்தார்கள். அங்கே லிஃப்ட் நின்றுவிட்டது. கீழே ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவைக்கு ஆள் இல்லையென்றால் மேடை அடுத்த குழுவுக்குப் போய்விடும். டெம்பா தாளத்தை விடவில்லை. லூனெஸிடம் ஒரே ஒரு உண்மை பாக்கி இருந்தது. அப்பா தொலைபேசியிலேயே யார் யார் காலையோ பிடித்து வாங்கிக்கொடுத்த பயிற்சி இடத்தைப் பற்றியது அது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“எட்டு மாசம் ஆச்சு பாபா, வெல்டிங் கிளாஸுக்குப் போய்,
தட்டிக் கேக்க யாரும் வரல, தினமும் சொன்னது பொய்.”

லிஃப்ட் இரண்டு மாடி இறங்கியது. அர்ஸ்கி மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியும்டா. வெல்டிங் பண்றவன் சட்டையில ஒரு பொத்தல்கூட விழாதா?”

மறுபடி நின்றது. இப்போது மூவரிடமும் சொல்ல எதுவும் இல்லை. அர்ஸ்கி விரல் முட்டியால் தகரச் சுவரில் தட்ட ஆரம்பித்தார். இரண்டு நெடில், ஒரு குறில். கதவு பொருத்தும் சுத்தியலின் கணக்கு அது. டெம்பா அதோடு சேர்ந்துகொண்டான்.

“முட்டி நல்லாத்தான் இருக்கு, வலி எதுவும் இல்ல,
விட்டெறிஞ்சான் முதலாளி வேலையவிட்டு, வெளிய வர முகமில்ல.”

லிஃப்ட் தரைக்கு வந்து கதவைத் திறந்தது. லூனெஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அழுகையை மறைக்க அவனுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. மூன்றாம் கூப்பாட்டுக்கு நால்வரும் மேடையேறினார்கள்.

அன்றைக்கு அர்ஸ்கி யாரோ நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடித் தாளம் போட்டார். வானொலிக்காரர்கள் அதைப் பதிவு செய்தார்கள். குழுவின் முதல் கேசட்டில் தாளமாக வருவது அந்தக் கதவுதான். மார்செய் வரை அதைக் கேட்டவர்கள் புது இயந்திரம் என்று நினைத்து விலை விசாரித்தார்கள். மூன்று வருடத்தில் பாரிஸின் பெரிய அரங்கம் நிறைந்தது. சி கட்டடத்துக்காரர்கள் நான்கு பேருந்தில் போனார்கள். லூனெஸ் சிவப்புக் காரைப் பற்றி ஒரு வார்த்தை பாடவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்த மெக்கானிக் மோட்டார் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘ஓடுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சி கட்டடத்தில் இப்போது எல்லோரும் தாளத்தோடுதான் வீடு போகிறார்கள். தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் படியேறி வருகிறார்கள். அர்ஸ்கி தினமும் காலையில் ரொட்டி வாங்க இறங்குகிறார். நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர், அவரிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.