கீழ்முனை

மாடிப்படியில் பாரம் ஏற்றுகிற கூட்டத்தில் நாலு பேர் என்று பேர்தான், ஏற்றியது ஒருத்தன். அவனைக் கிரேன் என்பார்கள். பெற்றவள் வைத்த பேரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எதை ஏற்றினாலும் கீழ்முனை அவனுக்கு. பாரமெல்லாம் சரிந்து வந்து உட்காருகிற முனை. மற்ற மூவரும், அதாவது வழுக்கை, கண்ணாடிக்காரன், கிரேனின் மச்சினன், மேலே நின்று பாரத்தில் கட்டிய வாரைப் பிடித்தபடி முகத்தைச் சுளிப்பார்கள். கிரேன் 'ஏத்து' என்றால் ஏற்றம், 'நில்' என்றால் நிற்றல்.

அதில் நன்றாகச் சுளிக்கத் தெரிந்தவன் மச்சினன். அக்காள் புருஷன் தயவில் வேலைக்கு வந்தவன்.

"ராத்திரி பூரா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருடா. இன்னிக்காவது கொஞ்சம் கை குடுங்க" என்றாள் அக்காள் அன்று காலையில்.

"அவருக்கு என்னக்கா, இரும்பு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைய பாரம், பைண்டிங் கடைக்குக் காகிதம் வெட்டும் மிஷின். வார்ப்பிரும்பு. படி திரும்புகிற இடத்துக்கு ஒரு படி கீழே மிஷின் நின்றது. கீழேயிருந்து 'ஏத்து' வரவில்லை.

"என்ன கிரேனு, டீ ஏதும் சொல்லணுமா?" என்று வழுக்கை கேட்க, கண்ணாடிக்காரன் சிரித்தான்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். கிரேன் ஒரு முழங்காலைப் படியில் ஊன்றி, மிஷினின் மூலையைத் தோளில் தாங்கியிருந்தான். முகம் சாம்பலாய்க் கிடந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. தோள் நழுவினால் மிஷின் நெஞ்சில்.

"இழுங்கடா!"

யாரும் இழுக்கவில்லை. "கிரேன் சொல்லட்டும்" என்றான் கண்ணாடிக்காரன்.

"அவரால பேச முடியலடா!"

"அப்ப அடுத்த தெரு லாரிக்காரனைக் கூட்டியாரேன். அவனும் மலை மாதிரி ஆளு" என்றான் வழுக்கை.

"அவன் வர்றதுக்குள்ள இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கக்காகிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு போறது?"

மச்சினனே 'ஏத்து' என்றான். ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது குரல். ஒருத்தன் இழுத்தான், இன்னொருத்தன் யோசித்தான். மிஷின் ஒருக்களித்தது. கிரேன் முனகினான். மச்சினன் படியின் கைப்பிடிக்கு வெளியே தொங்கி இறங்கி, மச்சானுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தான்.

"வாரை இடுப்புல சுத்துங்க. ரெண்டு பேரும் சேர்ந்து. இழுக்கிற மாதிரி நடிச்சீங்க, கொன்னுடுவேன். ஏத்து!"

"அடப்பாவி, இவ்வளவு பாரமா இது!" வழுக்கை அலறினான். இத்தனை காலமும் இந்தக் கூட்டத்தில் இருந்தவன் அன்றைக்குத்தான் பாரத்தைப் பார்த்தான். ஆனாலும் விடவில்லை. மிஷின் முக்கி முனகி திருப்பத்தில் ஏறி உட்கார்ந்தது. கிரேன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். உயிர் இருந்தது, இடுப்பைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கிரேன் படுக்கையில் கிடந்த நாட்களில் மூவரும் மாற்றி மாற்றிக் கீழ்முனை பிடித்தார்கள். ஒரு கண்ணாடி அலமாரி உடைந்தது, கண்ணாடிக்காரனின் கட்டைவிரல் நசுங்கியது, திட்டு வாங்கினார்கள். ஆனால் வேலை நிற்கவில்லை.

இடுப்பில் பட்டையோடு திரும்பி வந்த கிரேன் அன்று ஏற்றவிருந்த பீரோவின் கீழ்முனைக்கு நேரே போனான். மச்சினன் குறுக்கே நின்றான்.

"ஒரு மூலைதான் மச்சான் உங்களுக்கு."

"யாருடா நீ எனக்குச் சொல்ல? என்னால முடியாதா?"

"முடியும். அதான் வேண்டாங்கிறேன். அக்கா வேற உதைக்கும்."

கிரேனுக்குச் சுருக்கென்றது. தான் இல்லாவிட்டால் இந்தப் பயல்கள் தவித்துப்போவார்கள் என்பதில் அவனுக்கும் ஒரு ருசி இருந்தது, பொய் இல்லை. முறைத்துக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தான். பழக்கத்தில் வாயைத் திறப்பதற்குள் வழுக்கை கத்திவிட்டான்: "ஏத்து!"

பீரோ எழும்பியது. நாலு படி ஏறியும் தோளில் பாரமே தெரியவில்லை. கிரேன் சந்தேகமாய் நின்றான்.

"டேய் மாப்ளே, உள்ள இருக்கிற சாமானை எடுத்துட்டீங்களா?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு. ஏறுங்க மச்சான், பின்னால ஆள் நிக்குது."