பதினான்காம் நாள் மெயில்

காலை ஒன்பதே காலுக்கு அஞ்சலாட்சி சாரம் பகுதியிலிருந்த ஆபீஸ் படியேறியபோது முதலாளி புருஷோத்தமன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னாத்துக்கும்மா வந்த? ஒரு மாசம் கழிச்சி வான்னுதானே சொல்லிவுட்டேன்" என்றார். பத்து மணிக்கு ஒரு மெயில் போகும், அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

கடைகளின் சரக்கிருப்பைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேரை விற்கிற கம்பெனி அது. சாயங்காலம் கடைக்காரர் ஒரு பட்டனைத் தட்டினால் அன்றைய விவரம் போன் லைன் வழியே இங்கே வந்து சேரும். பதினாலு நாள் எதுவும் வராத கடைக்குத் தானாகவே ஒரு மெயில் போய்விடும். வந்த வாடிக்கையாளர் கைநழுவிப் போகக் கூடாது என்று புருஷோத்தமன் கேட்க, பிரேம்குமார் அதற்கான புரோகிராமை எழுதினான். வாசகம் அஞ்சலாட்சியுடையது. ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள்: சார், பதினாலு நாளா உங்களைக் காணோமே, எங்க போயிட்டீங்க, எங்க மேல கோவமா? படித்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். கனகசெட்டிக்குளத்தில் வலையும் கயிறும் விற்ற அவளுடைய அண்ணன் மாரியப்பனுக்கும், ஒரு மழைக்காலத்தில் போன் பழுதாகிக் கிடந்தபோது, அது போயிற்று. "ஏண்டி அஞ்சல, கூடப்பொறந்தவனுக்கே வலை விரிக்கிறியா?" என்று போன் சரியானதும் கூப்பிட்டுக் கேட்டான்.

டிசம்பர் இருபத்தைந்து சனிக்கிழமை சாயங்காலம் அவன் கடைசியாக அந்தப் பட்டனைத் தட்டியிருந்தான். மறுநாள் காலை கடை திறக்கப் போனவனைக் கடல் வந்து கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அண்ணி ரஞ்சிதம் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். காரியம் பற்றி அவளிடம் பேச ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. அவர்களுடைய மகள் சங்கவி, பதினேழு வயது, தினமும் காலாப்பட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் அப்பாவின் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், யாரையாவது பிடித்து ஒரு மெயில் அனுப்பிவிடுவார் என்பது அவள் கணக்கு. நேற்று அவள் வந்து, இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்று சொன்னபோதுதான் அஞ்சலாட்சி விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தாள்.

பிரேம்குமார் ஊருக்குப் போயிருந்தான். அவன் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புரோகிராமுக்குள் கை வைக்க அவளுக்குத் தெரியாது. அவள் மாற்றக்கூடியவை இரண்டே இரண்டு. வாடிக்கையாளர் விலகிவிட்டார் என்று குறிக்கலாம். குறித்தால், எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சும் வேறொரு மெயில் போகும். அதையும் எழுதியவள் அவள்தான். இல்லாவிட்டால் கடைசியாகத் தகவல் வந்த தேதியை மாற்றலாம். மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. கடலோரக் கடைகள் பதினொன்று. ஒவ்வொன்றாக இன்றைய தேதியைப் போட்டுக்கொண்டே வந்தாள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத பெயர்கள். அண்ணன் பெயருக்கு வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. எட்டு, ஒன்று, இரண்டாயிரத்து ஐந்து. தட்டிவிட்டாள்.

பத்து மணி தாண்டியது. அனுப்பப்பட்ட 'காணோமே' பட்டியலில் கடலோரப் பெயர் ஒன்றுகூட இல்லை. புருஷோத்தமனே டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார். நேற்றிலிருந்து அவள் வயிற்றில் இறங்கிய முதல் வாய் அதுதான்.

பத்தே முக்காலுக்கு போன் அடித்தது.

"அத்தை, அப்பா அனுப்பியிருக்காரு."

சங்கவிக்கு மூச்சு வாங்கியது. "உங்க ஆபீஸ்லேருந்து மெயில் வந்திருக்கு. ரொம்ப நாள் கழிச்சி வந்துட்டீங்க சார், இன்னிக்கி நீங்க அனுப்புனது கெடச்சிது, சந்தோசம்னு போட்டிருக்கு."

திரும்பி வருபவர்களை வரவேற்க ஒரு மெயில். தீபாவளிக்கு முந்தைய நாள், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். பதினோரு வீடுகளுக்கும் போயிருக்கும்.

"எந்த ஊரு போன்லேருந்து வந்துச்சின்னு உங்க மிஷின்ல தெரியும்ல? பாத்துச் சொல்லு அத்தை."

"கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"அம்மா வெளில நிக்கிது. இன்னும் சொல்லல. பிரிண்ட் போடச் சொல்லிருக்கேன், காட்டணும்."

"சங்கவி, அம்மாகிட்ட போவாத. நான் சொல்றதக் கேளு."

சங்கவி அதற்குள் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பழைய பிரிண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒவ்வொரு வரியாக. அப்புறம் தாளைக் கிழிக்கும் சத்தம். கதவு திறந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அதற்கும் அப்பால், தூரத்தில், "இன்னாடி அது?" என்று ரஞ்சிதத்தின் குரல்.