இருபத்திரண்டு நொடி

பனிக்காலத்தின் பின்பாதி. கதிரவன் எழுந்தும் எழாதவன்போல் வெண்திரைக்கு அப்பால் மயங்கி நின்றான். இலையுதிர்த்த மரங்கள் எதையோ கேட்டு விடை பெறாதவைபோல் வாயடைத்து நின்றன.

ஆய்வகத்துச் சன்னலோரம் பொறியாளர் சுவாசக் கருவியின் விசையை மீண்டும் தட்டினார். இருபத்திரண்டு நொடி கழித்தே அது முதல் மூச்சை விட்டது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அந்த இருபத்திரண்டு நொடியும் ஊர்க்கோடியில் இதே கருவியால் மூச்சு விடும் தம் கணவருக்காக ஓர் அம்மாள் காற்றுப்பையைக் கையால் அமுக்குகிறார். "கை நடுங்குது தம்பி. என்னிக்காவது தவறிட்டா?" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார்.

"என்ன சாமியாரே, மெஷின் இன்னும் தியானம் கலையலையா?" என்றான் பக்கத்து மேசைக்காரன். தனியே உண்டு, தனியே பாசுரம் முணுமுணுப்பவருக்கு அலுவலகம் இட்ட பெயர் அது.

"நீ வாயை மூடினா சீக்கிரமே கலையும்."

கருவியைத் துயிலெழுப்பும் பூட்லோடர் நிரலை வரிவரியாகப் படித்தார். கருவியின் மூளையான செயலியின் பக்கத்திலேயே கேஷ் என்னும் சிறு நினைவகம் உண்டு. அடிக்கடி வேண்டுவதை அங்கே வைத்துக்கொண்டால் தொலைவிலுள்ள பெருநினைவகத்துக்கு ஓயாமல் ஓட வேண்டாம். அந்தக் கேஷ் அணைந்து கிடந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் செயலி நெடுந்தூரம் போய் வந்துகொண்டிருந்தது. அணைத்த வரியின்மேல் ஒரு குறிப்பு: 'சோதனைக்காக மட்டும். நாளை இயக்க வேண்டும்.' கீழே அவர் பெயர். மூன்றாண்டுக்கு முந்தைய தேதி.

வேறொரு பிழையைத் துரத்துவதற்காகக் கேஷை அணைத்த அந்தப் பிற்பகல்தான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மனைவியைக் கடைசியாக வழியனுப்பித் திரும்பியவருக்கு அந்த 'நாளை' வரவேயில்லை.

"என் கையால வந்த வினைடா," என்றார்.  பக்கத்து மேசைக்காரன் தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அன்று பாதியில் விட்ட பிழையையும் திருத்தி, கேஷை இயக்கிச் சோதிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த வீட்டுக்குத் தாமே போனார். அவர் புதிய நிரலை ஏற்றும்வரை அம்மாள் பையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"தாமதத்துக்குக் காரணம் நான்தாம்மா. மூணு வருஷமா."

அம்மாள் நிமிரவில்லை. "முதல்ல போடு தம்பி."

விசையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. கருவி மூச்சு விட்டது. கட்டிலில் கிடந்தவரின் மார்பு மெல்ல உயர்ந்தது. குழாயிலிருந்து பையைக் கழற்றிய பின்னும் அம்மாளின் விரல்கள் அதை அமுக்கிக்கொண்டே இருந்தன.

பொறியாளர் கட்டிலின் காலடியில் கைகூப்பிக் கண்மூடினார். மனைவியின் தலைமாட்டில் பாதியில் நின்ற பாசுரத்தின் கடைசி அடியை உதடு மட்டும் அசைய ஓதி முடித்தார்.

கண் திறந்தபோது அம்மாளின் கை அவர் தலைமேல் இருந்தது. இன்னும் நடுங்கிற்று.

"நூறு வயசு நல்லா இரு, தம்பி."