எழுபத்தொன்பது கிலோ

கால் வழுக்கியது. ஈரப் புல்லில் முழங்கால் அடிபட விழுந்த சோதிலிங்கம், விழுந்த வேகத்திலேயே இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து மறுபடி ஓடினான்.

"நிக்காதேங்கோ! இன்னும் ஒரு நிமிசம்தான் கிடக்கு!" கீழே குடையோடு நின்ற மனைவி குணவதி கத்தினாள்.

மவுண்ட் றிச்மண்ட் ஒன்றும் பெரிய மலையல்ல. ஒடாஹுஹு என்கிற இந்தப் புறநகரின் கடைத்தெருவிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ குந்தியிருப்பது போலத் தெரியும். ஆனால் நாற்பத்தாறு வயதில், பதினெட்டு நிமிடத்துக்குள் மூன்று தடவை ஏறி இறங்கு என்றால் உயிர் போய்த்தான் வரும். இது மூன்றாவது தடவை. நெஞ்சுக்குள் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். வாயில் இரும்பு ருசி.

இறங்கி வந்து குணவதியின் காலடியில் சரிந்தான்.

"எவ்வளவு?"

"பதினேழு நிமிசம் ஐம்பது செக்கன்."

மூச்சு வாங்கி முடிய முதலே எழுந்து, காரின் டிக்கியைத் திறந்து தராசை எடுத்துச் சிமெந்துத் தரையில் வைத்தான். சப்பாத்தைக் கழற்றினான். நனைந்த பெனியனையும் கழற்றினான். தென்கோடி நாட்டு ஜூன் மாதக் குளிரில், போகிற வருகிற நாய்க்காரர்கள் பார்க்க, வெறும் மேலோடு ஏறி நின்றான்.

முள் ஆடியது. நின்றது. எழுபத்தெட்டரை.

"குணம்! பார், குணம்! வந்திட்டன்!"

குணவதி பார்த்தாள். சிரிக்கவில்லை. "மழை கூடுது, வாங்கோ போவம்" என்று குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. சந்தோசத்தில் அழுதுகொண்டிருந்தான்.

இந்த எழுபத்தெட்டரை அவனுடைய எடை மட்டும் அல்ல. சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் தங்கை ரதிதேவியின் உயிர். இரண்டு சிறுநீரகமும் பழுது. கலியாணம் கட்டாதவள். சண்டையும் இடப்பெயர்வும் தின்றது போக, அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சிய இரத்தம் அண்ணன் ஒருவன்தான். மாசி மாதம் அவளே போன் எடுத்துச் சொன்னாள்:

"அண்ணை, உங்கட இரத்தம் எனக்குப் பொருந்துதாம். ஆனால் எடை எழுபத்தொன்பதுக்குக் கீழை வந்தால்தான் கத்தி வைப்பினமாம். ஜூன் பதினைஞ்சு நாள் குறிச்சிருக்கு."

அப்போது அவன் எடை தொண்ணூற்றாறு.

பஸ் ஓட்டுகிற உடம்பு. ஒடாஹுஹுவிலிருந்து நகரத்துக்கு, நகரத்திலிருந்து ஒடாஹுஹுவுக்கு. இருந்த இடத்தை விட்டு அசையாத எட்டு மணி நேரம். இங்கே அவனைப் பார்க்கிற டொக்டர் ரங்கநாதன், உடம்பைக் குறையுங்கள் என்று நான்கு வருடமாக மன்றாடிக்கொண்டிருந்தார். திருச்சிக்காரர், ஒளிவுமறைவு தெரியாது.

"சோதி சார், சக்கரை வந்தாச்சு. இப்படியே போனா ஒண்ணு கால் போகும், இல்ல கண்ணு போகும். நான் பேசுறது காதுல விழுதா?"

"ஓம் டொக்டர்."

ஓம் சொல்லிவிட்டு வெளியே வந்து, டெய்றி என்கிற பக்கத்துப் பெட்டிக்கடையில் இறைச்சி திணித்த சொசேஜ் ரோல் இரண்டு வாங்கிப் பஸ் ஸ்டொப்பில் நின்றே விழுங்குவான். வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு வாங்கிய ஓடுகிற சப்பாத்துகள் பெட்டி திறக்காமலே கிடந்தன.

தன் காலுக்காக நடக்காதவன் தங்கைக்காக ஓடினான். சோறு அரைக் கோப்பையானது. தேத்தண்ணியில் சீனி நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரதி போன் எடுப்பாள். சுகம் கேட்க முதல் எடை கேட்பாள்.

"எத்தினை கிலோ?"

"எண்பத்தொன்பது."

"போன கிழமையும் அதுதானே? உண்மையைச் சொல்லுங்கோ, ஒளிச்சு என்ன திண்டனீங்கள்?"

"ஒரேயொரு ரோல், அம்மாவாணை."

"அண்ணை, எனக்குக் கிட்னிதான் வேணும், சுத்திக் கிடக்கிற கொழுப்பு வேண்டாம். கழுவித் துடைச்சுக் கொண்டு வாங்கோ."

மே நடுவிலிருந்து அந்தப் போன் நின்றுபோனது. "கிருமி தொத்திப்போட்டுதாம், தனி வார்ட்டிலை விட்டிருக்கினம், கதைக்க விடமாட்டினமாம்" என்று குணவதி சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. கீரையும் பருப்பும்தான். கடைசி ஆறு கிலோவையும் இறக்கத்தான் குணம் இப்படி முண்டுகொடுக்கிறாள் என்று அவன் உருகிப்போனான்.

அன்று மத்தியானம் சூட்கேஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். குணவதி காரை நிறுத்த இடம் தேடிப் போக, சோதிலிங்கம் கடை வாசலில் இறங்கி நின்றான். யாரோ பின்னால் வந்து அவன் முழங்கையைப் பிடித்தார்கள். அன்னபாக்கியம் அக்கா, வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுகிறவர்.

"தம்பி, கேள்விப்பட்ட நேரம் துடங்கி மனம் சரியில்லை. நல்லா மெலிஞ்சும் போனீர். பின்னை, இருந்ததே ஒரு தங்கச்சி."

"இன்னும் ஒரு கிழமைதான் அக்கா. நான் போனால் எல்லாம் சரியாயிடும்."

அக்கா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "கிழமையோ? செவ்வாயோடை முப்பத்தொண்டு முடியுதெல்லோ? குணம்தானே பிரார்த்தனைக்கு வரேலாது, துடக்கு எண்டு சொன்னவ. அந்தியேட்டி இஞ்சையோ, அங்கையோ?"

சோதிலிங்கம் அந்தச் சொல்லை மறுபடி சொல்லிப் பார்த்தான். அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் சடங்கு. செத்தவர்களுக்குச் செய்வது. கீரையும் பருப்பும், சாவு வீட்டுச் சைவச் சாப்பாடு, மனதுக்குள் வரிசையாக வந்து நின்றன. குணவதி அவனுக்குப் பொய் சொன்னாள். ஆனால் சாவுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, சாமிக்கு முன்னால் போய் நிற்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் தெருவைக் கடந்தான்.

பத்து நிமிடம் கழித்து, அன்னபாக்கியத்தைக் கண்டு பதறிய குணவதி அவனைத் தேடிப் பிடித்தபோது, சோதிலிங்கம் எதிர்ப்பக்கத்துப் பொரியல் கடையில் இருந்தான். மேசை நிறையச் சிப்ஸ், பொரித்த கோழி, பெரிய போத்தல் கோக். இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். மெல்லவில்லை, விழுங்கினான்.

"இஞ்சருங்கோ... விடுங்கோ, வேண்டாம்."

"எப்ப?"

குணவதி எதிரே உட்கார்ந்தாள். "மே பன்ரண்டு. நீங்கள் மலையிலை ஓடிக்கொண்டிருக்கேக்கை போன் வந்தது."

"இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டு நாளா என்னைப் பேயன் மாதிரி ஓட விட்டிருக்கிறாய்!"

கடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் அடுத்த துண்டைக் கையிலெடுத்தான். "பிந்திப்போனன், குணம். டொக்டர் சொன்ன அண்டைக்கே இறக்கியிருந்தால் மாசியிலையே பிளேன் ஏறியிருப்பன். நான் திண்ட ஒவ்வொரு ரோலும் அவளைத் திண்டது. என்ர கையாலை கொண்டுபோட்டன். இனி ஆருக்கு ஓட? காலும் போகட்டும், கண்ணும் போகட்டும்."

வாய் நிறையத் திணித்தான். தொண்டை அடைத்து இருமினான். கண் பிதுங்கியது. அப்படியும் கை தட்டுக்குப் போனது.

குணவதி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். மலையடிவாரத்தில் கத்துகிற குரல் அல்ல இப்போது அவளுக்கு.

"நீங்கள் பிந்தேல்லை."

"விடு."

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு ரதி என்னட்டைச் சத்தியம் வாங்கினவள். எழுபத்தொன்பதுக்கு வந்தாப் பிறகும் சொல்லக்கூடாதெண்டவள். நான் இப்ப அதை முறிக்கிறன்."

அவன் கை நின்றது.

"எழுபத்தொன்பது எண்டு ஒரு டொக்டரும் சொல்லேல்லை. ஜூன் பதினைஞ்சு எண்டு ஒருத்தரும் நாள் குறிக்கேல்லை. ரெண்டும் உங்களை ஓட வைக்க ரதி தானாக் கட்டிச் சொன்னது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இரத்தம் பொருந்தினது..."

"இரத்தம் பொருந்தினது உண்மைதான். ஆனால் ரங்கநாதன் அனுப்பின றிப்போட்டைப் பாத்தவுடனை, சீனி வருத்தக்காரனிட்டைக் கிட்னி எடுக்கேலாதெண்டு சென்னையிலை சொல்லிப்போட்டினம். மாசி மாசமே." குணவதி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "முதல் நாள் உங்களுக்குப் போன் எடுக்கேக்கையே ரதிக்கு அது தெரியும்."