கிண்டியில் படித்த தைரியம்

என் நண்பன் ஜவஹர், பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டே தி.நகரைத் தாண்டி அடையாறு டெப்போவரை போய்விடுகிற பட்டதாரி. 1972இல் கிண்டியில் தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போனான். ஒருவர் மறுத்தால் உடனே எழுந்து வரக்கூடாது என்பதுதான் அங்கே பாலபாடம்.

பயிற்சி முடிந்த கையோடு, ஜவுளிக்கடை சுயம்புலிங்கத்தின் மகள் சீதாவைப் பெண் பார்க்க அவன் வீட்டாரோடு நானும் போனேன். அவளைப் பார்த்ததுமே ஜவஹர் மயங்கிவிட்டான்.

"மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

"சோப்புத் தொழில் தொடங்கப் போறேன் மாமா."

"கடை வச்சு நான் படுற பாடு போதாதா? கவர்மெண்ட் மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு!"

நாங்கள் எழுந்துவிட்டோம். ஜவஹர் அசையாமல் பையிலிருந்து, பயிற்சியில் செய்த ஒரு சோப்புக் கட்டியை எடுத்து நீட்டினான்.

"சரி மாமா, சோப்பையாவது வாங்கிக்குங்க."

சுயம்புலிங்கம் முறைத்த முறைப்பில் மின்விசிறியே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து சீதாவின் குரல் வந்தது: "அப்பா, அவரையும் சேர்த்தே எடுத்துக்கலாம்!"

அவள் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.